ஹார்ட் டிஸ்க் வேடமிட்ட சிப்

தில்லி மெட்ரோவின் வயலட் தடத்தில் வந்து நேரு பிளேஸில் இறங்குபவர்களில் பாதிப் பேரின் தோளில் ஒரு லேப்டாப் பை தொங்கும். மேக்தூத், ஹேம்குண்ட், சித்தார்த் என்று பெயர் கொண்ட மாடிக் கட்டடங்கள். அவற்றின் காலடியில் வரிசையாகக் கடைகள், நடைபாதையில் ஸ்க்ரூடிரைவரும் திறந்துபோட்ட லேப்டாப்புமாக உட்கார்ந்திருக்கும் பழுதுபார்ப்பவர்கள், வருவோர் போவோரை மறித்து “என்ன வேண்டும்?” என்று கேட்கும் பையன்கள். பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய கணினி ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று புகாரோடு வருபவர்களுக்கு இங்கே கிடைக்கும் மருந்து அநேகமாக ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். போட்டால், திறக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட இயந்திரம் சில நொடிகளில் திறக்கிறது. கணினிக்காகச் செலவழித்த பணத்தில் இவ்வளவு கண்கூடான பலன் தந்தது வேறெதுவும் இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எஸ்எஸ்டி என்ற அந்தச் சின்னப் பெட்டிக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. சத்தமும் கிடையாது. கணினியோடு இணைத்ததும் “நான் இன்ன நிறுவனத்தின் தயாரிப்பு, என் கொள்ளளவு இவ்வளவு” என்று அது அறிவிக்கிறது. கணினி அதை அப்படியே நம்புகிறது. அதன் வரலாறு முழுக்க ஓடுவது இந்த நம்பிக்கையின் கதைதான். அதில் ஒரு தில்லிப் பையனும் வருகிறான், திருச்செந்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரும் வருகிறார்.

1956-ல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். அது தாங்கிய தகவல் 50 லட்சம் எழுத்துகள், இன்றைய செல்போன் புகைப்படம் ஒன்றின் அளவு. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு, தகவலைச் சேமிப்பது என்றாலே ஏதோ ஒன்று சுழல வேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்தது.

விதியை மீறும் யோசனை சாப்பாட்டு மேஜையில் பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சியோலில் பிறந்த டாவன் காங், நான்ஜிங்கில் பிறந்து தைவானில் வளர்ந்த சைமன் ஸீ என்று இரண்டு பொறியாளர்கள். 1967-ல் ஒருநாள் கேன்டீனில் இருவர் முன்னும் அடுக்கு கேக் வந்தது. கேக்குக்கு நடுவே க்ரீம் ஓர் அடுக்காக இருப்பதைப் பார்த்து, டிரான்சிஸ்டருக்குள்ளும் இப்படி நடுவில் ஓர் அடுக்கை வைத்தால் என்ன என்று தோன்றியதாக ஸீ பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். மேலும் கீழும் மின்சாரம் கடத்தாத பூச்சு. நடுவில் எதனோடும் தொடர்பில்லாத ஒரு மெல்லிய கடத்தி. அதற்குள் எலக்ட்ரான்களைத் தள்ளி அடைத்துவிட்டால் மின்சாரம் நின்ற பிறகும் அவை வெளியேற வழியில்லை. எலக்ட்ரான் இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொரு பொருள். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கோடிக்கணக்கான நினைவக அறைகளின் மூலவடிவம் இதுதான். பெல் நிறுவனம் இதை வைத்து எதையும் விற்கவில்லை.

விற்பனைக்கு வந்தது ஒரு பழுதின் வழியாக. டோவ் ஃப்ரோமன் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். நாஜிப் படை நெதர்லாந்தைப் பிடித்தபோது, பெற்றோர் ஒரு கிறித்தவக் குடும்பத்திடம் ஒப்படைத்ததால் உயிர் பிழைத்தவர். பெற்றோர் பிழைக்கவில்லை. அவர் வளர்ந்து இன்டெலில் சேர்ந்தார். நிறுவனத்தின் நினைவக சிப் ஒன்று காரணம் தெரியாமல் பழுதாகிக்கொண்டிருந்தது, அதை ஆராயும் வேலை அவருக்கு. சிப்புக்குள் எதனோடும் இணையாத பகுதிகளில் மின்னூட்டம் போய்த் தங்குவதுதான் கோளாறு என்று அவர் கண்டார். அடுத்த கேள்வி அவருடைய மேதைமையைக் காட்டுகிறது: தெரியாமல் தங்கும் மின்னூட்டத்தை வேண்டுமென்றே தங்க வைத்தால்? 1971-ல் ஈப்ராம் என்ற நினைவக சிப் பிறந்தது. எழுதியதை அழிக்க, சிப்பின் முதுகில் இருந்த குவார்ட்ஸ் ஜன்னல் வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்ச வேண்டும். 1974-ல் ஃப்ரோமன் இன்டெலின் கிளையை இஸ்ரேலின் ஹைஃபாவில் தொடங்கினார். அந்த நாடு இந்தக் கதைக்குள் மீண்டும் மீண்டும் வரும்.

1976 சுவாரசியமான ஆண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் டேட்டாராம் என்ற நிறுவனம் ‘பல்க் கோர்’ என்ற பெட்டியை விற்கத் தொடங்கியது. சுழலும் தட்டுகளுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கோத்த நினைவகம், கொள்ளளவு 2 எம்பி, விலை 9,700 டாலர். கணினியின் கண்ணுக்கு இது வேகமான டிஸ்க் மாதிரியே தெரிந்தது. எஸ்எஸ்டி பரம்பரையின் மூத்த பிள்ளை என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அதே ஆண்டு தில்லியில், டிசிஎம் நிறுவன வேலையை விட்டு வெளியேறிய ஒரு நண்பர் குழு எச்சிஎல் நிறுவனத்தைத் தொடங்கியது. குழுவின் தலைவர் ஷிவ் நாடார், திருச்செந்தூர் வட்டாரத்து மூலைப்பொழி கிராமத்துக்காரர், கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். இரண்டே ஆண்டில் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேற, உள்ளூர் கணினிகளுக்குக் களம் காலியானது. எச்சிஎல் பல்லாண்டுகளாகத் தன் பதிவு அலுவலகத்தை வைத்திருந்த இடம் நேரு பிளேஸின் சித்தார்த் கட்டடம். தில்லி வளர்ச்சி ஆணையம் அலுவலக வளாகமாகக் கட்டிய அந்த இடம், கணினி நிறுவனங்கள் வந்து குவியக் குவியக் கணினிச் சந்தையாகவே மாறியது.

எண்பதுகளில் கதை ஜப்பானுக்குத் தாவுகிறது. மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய சிப்புகள் அதற்குள் வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக அழிக்கும் வசதிக்காக அறை ஒன்றுக்கு இரண்டு டிரான்சிஸ்டர் செலவானது, விலை எட்டாத உயரத்தில் நின்றது. தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா அந்த வசதியைத் துறந்தார். தனித்தனியாக அழிக்க வேண்டாம், ஒரு பெரும் தொகுதியை ஒரே அடியில் அழித்துவிடலாம், அப்போது அறைக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும் என்பது அவர் கணக்கு. 1984-ல் நார் வகை ஃப்ளாஷ் நினைவகத்தைப் பற்றி அறிவித்தார், 1987-ல் இன்னும் மலிவான நாண்ட் வகையைப் பற்றி. இன்றைய எஸ்எஸ்டி அனைத்தும் இந்த நாண்ட் வகையின் வாரிசுகள். ஆனால் ஃப்ளாஷை முதலில் பெரிய வணிகமாக்கியது 1988-ல் நார் சிப்பை விற்கத் தொடங்கிய இன்டெல். மசுவோகா தோஷிபாவை விட்டு விலகி, தன் பங்கைக் கேட்டு 2004-ல் வழக்குப் போட்டார். 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசமானது. உலகமே பயன்படுத்தும் ஒரு கண்டுபிடிப்புக்கு இது மிகச் சிறிய தொகை என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது.

மலிவான நினைவகம் வந்துவிட்டது, ஆனால் அதில் ஒரு குணக்கேடு. எழுதி அழிக்க எழுதி அழிக்க மின்காப்புப் பூச்சு தேய்கிறது. பிறக்கும்போதே சில அறைகள் கெட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட சரக்கை நம்பி யார் தங்கள் கணக்கு வழக்கை ஒப்படைப்பார்கள்? 1988-ல் ஈலை ஹராரி, ஜாக் யுவான், சஞ்சய் மெஹ்ரோத்ரா மூவரும் சன்டிஸ்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இதற்குப் பதில் தேடினார்கள். அதுவே பின்னாளில் பெயர் சற்று மாறி சான்டிஸ்க் ஆனது.

மெஹ்ரோத்ராவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கான்பூரில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர், சர்தார் படேல் வித்யாலயாவின் மாணவர். பிலானியின் பிட்ஸ் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, எழுபதுகளின் நடுவில், 18 வயதில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அமெரிக்க விசா மூன்று முறை மறுக்கப்பட்டது. அவருடைய தந்தை விடவில்லை; தில்லியில் விசா அதிகாரியை நேரில் சந்தித்து வாதாடி வாங்கிக் கொடுத்தார். மகனைவிடத் தந்தைக்குத்தான் அமெரிக்கப் படிப்பின் மேல் கனவு அதிகம் என்று மெஹ்ரோத்ராவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரி நான்காம் முறையும் மறுத்திருந்தால் ஃப்ளாஷ் வணிகத்தின் வரலாறு வேறு பாதையில் போயிருக்கக்கூடும்.

மூவர் கண்ட பதில் இது: நினைவக சிப்போடு ஒரு குட்டி மூளையையும் சேர்த்து வைப்பது. அதன் பெயர் கன்ட்ரோலர். எந்த அறை கெட்டது என்று அது கணக்கு வைக்கும், கெட்டதை ஒதுக்கிவிட்டு நல்லதைக் கொடுக்கும், பிழை வந்தால் திருத்தும். வெளியே இருக்கும் கணினிக்கு இந்தக் குழப்பம் எதுவும் தெரியாது. “நான் ஒரு ஹார்ட் டிஸ்க்” என்று மட்டும் அது சொல்லும். கணினிகளும் மென்பொருள்களும் ஹார்ட் டிஸ்க் மொழியை மட்டுமே அறிந்திருந்த காலத்தில் இந்த வேடத்தைத் தவிர வேறு வழி இல்லை. 1991-ல் ஐபிஎம் நிறுவனத்துக்காக அவர்கள் தயாரித்துக் கொடுத்த ஃப்ளாஷ் டிரைவின் கொள்ளளவு 20 எம்பி, விலை சுமார் 1,000 டாலர். வடிவம், அளவு, பேசும் மொழி எல்லாமே இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒன்றும் சுழலவில்லை. நேர்மையான நோக்கத்தோடு போட்ட வேடம் அது, அதனால்தான் சிப் சந்தைக்குள் நுழைய முடிந்தது.

அந்த வேடத்தை மெருகேற்றியவர்கள் இஸ்ரேலில் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தார். டோவ் மொரான் தொடங்கிய அந்த நிறுவனத்தில் அமீர் பான் என்ற கணிதக்காரர், கணினி கேட்கும் முகவரிக்கும் தகவல் உண்மையில் இருக்கும் அறைக்கும் இடையில் ஓர் அட்டவணையை வைக்கும் முறைக்கு 1995-ல் காப்புரிமை பெற்றார். நீங்கள் ஒரே கோப்பை நூறு முறை திருத்திச் சேமித்தாலும் ஒரே அறை நூறு முறை தேயாது. ஒவ்வொரு முறையும் தகவல் வேறு இடத்துக்குப் போகும். ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறப்பார்களே, அதுபோல எல்லா அறைக்கும் எழுத்து வேலையைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. இது இல்லாவிட்டால் வீட்டுக் கணினியின் எஸ்எஸ்டி சில மாதங்களில் ஓட்டையாகிவிடும்.

2000-ல் இந்தத் தொழில்நுட்பம் விரல் நீளப் பொருளாகச் சுருங்கியது. சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனத்தை நடத்திய ஹென் டான், ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் தம்ப்டிரைவை வெளியிட்டார். அதே ஆண்டு எம்-சிஸ்டம்ஸ் தன் 8 எம்பி டிஸ்க்ஆன்கீயை ஐபிஎம் பெயரில் விற்றது. சீனாவின் ஷென்சென் நகரத்து நெட்டாக் நிறுவனமும் இது எங்கள் கண்டுபிடிப்பு என்றது. மூன்று நாடுகள், மூன்று காப்புரிமைகள், வருடக்கணக்கில் வழக்குகள். சிங்கப்பூர் நீதிமன்றம் ட்ரெக்கின் பக்கம் நின்றது. பிரிட்டனில் அதே ட்ரெக் காப்புரிமையை இழந்தது. வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்க, பெயர் தெரியாத எத்தனையோ தொழிற்சாலைகள் நகலெடுத்துத் தள்ளின. நம் ஊரில் அதற்குப் பென்டிரைவ் என்று பெயர் நிலைத்தது. சென்னை ரிச்சி தெருவில், மும்பை லேமிங்டன் சாலையில், தில்லி கஃபார் மார்க்கெட்டில், செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் அது கைப்பிடி கைப்பிடியாக விற்றது.

போலியும் கூடவே வந்தது. கன்ட்ரோலர் சொல்வதைக் கணினி கேள்வி கேட்காமல் நம்புகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, மோசடிக்காரர்கள் கைவைத்தது அங்கேதான். 2 ஜிபி சிப்புக்கு 32 ஜிபி என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கணினித் திரையிலும் 32 என்றே காட்டும். முதல் 2 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் ஏற்றினால் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் காணாமல் போகும். கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கல்யாண வீடியோவைத் தொலைத்த குடும்பங்கள் இதில் ஏராளம். கெட்ட அறையை மறைத்து வாங்குபவரைக் காப்பாற்றிய அதே உத்தி, இல்லாத அறையைக் காட்டி அவரை ஏமாற்றவும் உதவியது. போலி மென்பொருளுக்காக அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிட்ட அவப்பெயர்ச் சந்தைகளின் பட்டியலில் நேரு பிளேஸின் பெயர் ஏறியது. மென்பொருள் குறுந்தகடுகள் காலாவதியாகிவிட்டன. போலி நினைவகம் இன்னும் ஓயவில்லை.

இதற்கிடையே விலை சரிந்துகொண்டிருந்தது, அதற்குக் காரணம் தோஷிபா எடுத்த ஒரு வியாபார முடிவு. புதிய சரக்கை ஒரே ஒரு நிறுவனம் தயாரித்தால் வாடிக்கையாளர்கள் வாங்கத் தயங்குவார்கள் என்று 1992-ல் சாம்சங்குக்கு நாண்ட் தொழில்நுட்பத்தை உரிமத்தின் பேரில் கொடுத்தது. பத்தே ஆண்டில் மாணவன் ஆசானை முந்திக்கொண்டு உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்டான். டிஜிட்டல் கேமராக்கள் சிப்புகளை விழுங்கின. 2005-ல் ஆப்பிள் ஐபாட் நானோவில் குட்டி ஹார்ட் டிஸ்க்கைக் கைவிட்டு ஃப்ளாஷுக்கு மாறியது. அந்த ஆண்டு நவம்பரில் ஐந்து சிப் நிறுவனங்களுக்கு 125 கோடி டாலர் முன்பணம் கொடுத்து வருங்காலச் சரக்கை வளைத்துப் போட்டது. பாட்டுக் கேட்கும் கருவிக்காகக் கட்டிய தொழிற்சாலைகள்தான் பின்னாளில் வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்டியைக் கொண்டுவந்தன.

வீட்டுக்காரர்களின் அனுபவம் 2006-ல் தொடங்குகிறது. சாம்சங் 32 ஜிபி எஸ்எஸ்டி வைத்த லேப்டாப்பை வெளியிட்டது. 2008 ஜனவரியில் வந்த மேக்புக் ஏரில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 64 ஜிபி எஸ்எஸ்டி வேண்டுமென்றால் கூடுதலாக 999 டாலர் எடுத்து வைக்க வேண்டும். அதே ஆண்டு மலிவு டிரைவுகளும் வந்தன, வாங்கியவர்கள் தலையில் கை வைத்தார்கள். படிக்கும்போது அபார வேகம்; ஏதாவது எழுதத் தொடங்கினால் கணினியே உறைந்து நின்று பிறகு நகரும். பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் பொய்யில்லை, ஆனால் பெரிய கோப்புகளை வைத்து அளந்தது. வீட்டுக் கணினி நாளெல்லாம் செய்வதோ துண்டு துண்டான எழுத்து வேலை. கணினிப் பாகங்களைச் சோதித்து எழுதிவந்த ஆனந்த் லால் ஷிம்பி 2009-ல் இதை நீண்ட கட்டுரைகளில் விளக்கினார். மலிவு கன்ட்ரோலர் செய்த வேலை அது என்பது வெளிச்சமானது, தயாரிப்பாளர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது. இன்டெல் 2008 செப்டம்பரில் வெளியிட்ட 80 ஜிபி டிரைவுக்கு இந்தக் கோளாறு இல்லை. விலை 595 டாலர், அன்றைய மதிப்பில் 25,000 ரூபாய்க்கு மேல். நேரு பிளேஸில் அந்தப் பணத்துக்கு முழுக் கணினியே ஒருங்கிணைத்து வாங்கிவிடலாம்.

பிறகு ஒரு வெள்ளம். 2011 அக்டோபரில் தாய்லாந்தின் பாங்காக்குக்கு வடக்கே ஆறுகள் கரைபுரண்டு தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தன. உலகின் ஹார்ட் டிஸ்க்குகளில் கணிசமான பங்கு அங்கேதான் உருவானது. சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் விலை ஏறக்குறைய இரட்டித்தது. எஸ்எஸ்டிக்கும் அதற்கும் இருந்த இடைவெளி திடீரென்று சுருங்கியது. அதுவரை திரும்பிப் பார்க்காதவர்கள் விலை விசாரித்தார்கள். 2013 ஆகஸ்டில் சாம்சங், நினைவக அறைகளை 24 அடுக்காக மேல்நோக்கிக் கட்டிய சிப்பைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பத் தொடங்கியது. இடம் போதாமல் தவித்த நகரங்கள் செய்வதையே சிப்பும் செய்தது. இப்போது அடுக்குகள் 200-ஐத் தாண்டிவிட்டன. ஓர் அறையில் ஒரு பிட் வைத்த இடத்தில் இரண்டு, மூன்று, நான்கு என்று திணிக்கவும் பழகினார்கள். கொள்ளளவு கூடியது, விலை இறங்கியது, அறையின் ஆயுள் குறைந்தது: ஒரு பிட் அறை சுமார் ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும், நான்கு பிட் அறை ஆயிரம் முறை தாங்கினாலே பெரிது. முறை வைக்கும் கன்ட்ரோலரின் சாமர்த்தியத்தால் வீட்டு உபயோகத்துக்கு அதுவும் பல ஆண்டு வருகிறது.

இந்தியா 1997-ல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்து, 2005-க்குள் கணினிப் பாகங்களின் சுங்க வரியைப் பூஜ்யமாக்கியிருந்தது. ஆகவே விலை இறங்கிய சரக்கு தடையில்லாமல் வந்திறங்கியது. அப்போது நேரு பிளேஸில் ஒரு சிக்கன வித்தை பிரபலமானது. லேப்டாப்பில் யாரும் தொடாத டிவிடி டிரைவைக் கழற்று. அந்த இடத்தில் ‘கேடி’ என்ற சட்டத்துக்குள் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்து. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 120 அல்லது 240 ஜிபி எஸ்எஸ்டியை வை. விண்டோஸ் எஸ்எஸ்டியில், புகைப்படமும் சினிமாவும் பழைய டிஸ்க்கில். எதையும் வீணாக்காமல் பத்தாண்டுப் பழசைப் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்குத் தயாராக்கிய ஏற்பாடு இது. இந்த வேலையைச் செய்துகாட்டிய நடைபாதைத் தொழிலாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

எம்.2 என்ற பட்டை வடிவம் வந்ததும் புதிய குழப்பம் பிறந்தது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு பட்டைகளில் ஒன்று பழைய சாட்டா மொழி பேசும், இன்னொன்று என்விஎம்இ மொழி பேசும். இந்த இரண்டாவதில்தான் சிப் கடைசியாக ஹார்ட் டிஸ்க் வேடத்தைக் கலைத்தது. 2011-ல் எழுதப்பட்ட அந்த மொழி, சுழலாத நினைவகத்துக்காகவே உருவானது. தவறானதை வாங்கிப் போய் வீட்டில் பொருத்தினால் கணினி கண்டுகொள்ளாது. மாற்றித் தர மறுக்கும் கடைகளும் உண்டு. லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே பொருத்தி, திரையில் பெயரும் கொள்ளளவும் வந்த பிறகு பணம் கொடுப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

பில் விஷயமும் இருக்கிறது. “பக்கா பில்லா, பில் இல்லாமலா?” என்று கடைக்காரர் கேட்பார். பில் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி. இல்லாமல் வாங்கினால் சில நூறு ரூபாய் மிச்சம், ஆனால் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு உத்தரவாதம் காற்றில் போகலாம். வேறு நாட்டுச் சந்தைக்காக வந்த சரக்கென்றால் இந்திய சேவை மையம் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அதைவிட நுட்பமான ஏமாற்று, பெயர்பெற்ற தயாரிப்பாளர்களிடமே நடந்தது. முதலில் நல்ல சிப் வைத்து வெளியிடுவார்கள், விமர்சகர்கள் பாராட்டி எழுதுவார்கள். பிறகு அதே பெயர், அதே பெட்டியில் மட்டமான சிப் வரும். 2014-லும் 2021-லும் இப்படிப் பல டிரைவுகள் பிடிபட்டன. அதே 2021-ல் சியா என்ற மெய்நிகர் நாணயத்தைத் ‘தோண்ட’ உலகெங்கும் எஸ்எஸ்டிகளைத் தேய்த்தார்கள். 100 ஜிபி கோப்பு ஒன்றை உண்டாக்க அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் எழுதி அழிக்க வேண்டியிருந்தது. தேய்ந்தவை பழைய சந்தைக்கு வந்தன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டால் பெரும்பாலான குட்டு வெளிப்படும். முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. ஓர் இரவு ஓட விட்டால் போதும்.

தில்லிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று வெயில். அடைபட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும், சூடு கூடினால் கசிவும் கூடும். ஆயுள் முழுதும் எழுதித் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழில்துறையின் தர அளவுகோல். புதிய டிரைவ் இதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனால் 45 டிகிரி தொடும் மே மாதத்து மொட்டைமாடி அறை அலமாரியில், குடும்பப் புகைப்படங்களை ஒரே எஸ்எஸ்டியில் ஏற்றிப் பல ஆண்டு மறந்துவிடுவது நல்லதில்லை. இந்த ஒரு வேலைக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கே இன்னும் மேல்.

விசாவுக்கு அலைந்த தில்லிப் பையன் 2017 முதல் மைக்ரான் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி. 2023 ஜூனில் அந்த நிறுவனம் குஜராத்தின் சாணந்தில் சிப்புகளைப் பொதித்துச் சோதிக்கும் ஆலையை அறிவித்தது. அரசுகளின் பங்கையும் சேர்த்து 275 கோடி டாலர் முதலீடு. 2025 டிசம்பரில் அதே மைக்ரான், வீட்டுக்காரர்கள் விரும்பி வாங்கிய தன் குரூஷியல் வணிகத்திலிருந்து வெளியேறப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்கள் நினைவகத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன, சில்லறை வாடிக்கையாளருக்கு ஒதுக்கச் சரக்கு இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டாகப் பெரும்பாலும் இறங்கிவந்த விலை 2025-ன் பின்பகுதியில் ஏறத் தொடங்கியது. பழைய கணினிகளைக் காப்பாற்றும் மிக மலிவான வழி கைநழுவுவது எனக்குக் கவலை தருகிறது. அதை அதிகம் நம்பியிருப்பவர்கள் புதிய லேப்டாப் வாங்க வசதியில்லாத வீடுகள்.

கழற்றியெறியும் டிரைவுகளின் பயணம் வடகிழக்கு தில்லியின் சீலம்பூரில் தொடர்கிறது. நாட்டின் மிகப்பெரிய மின்கழிவுப் பிரிப்பு மையங்களில் ஒன்று அது. பலகைகளை உடைத்துத் தாமிரம், தங்கம், இன்னும் உழைக்கக்கூடிய சிப் என்று வகை பிரிக்கிறார்கள். உழைக்கக்கூடியவை மறுபடி சந்தைக்குப் போகின்றன. டிரைவைக் கொடுப்பவர் கோப்புகளை நீக்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் எழுத்து வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் கன்ட்ரோலர், கணினியின் பார்வைக்கு வராத அறைகளிலும் பழைய பிரதிகளை விட்டு வைத்திருக்கும். சாதாரணமாக அழிப்பதால் அவை போவதில்லை. பல தயாரிப்பாளர்கள் தங்கள் டிரைவுக்கென்று தரும் மென்பொருளில் ‘செக்யூர் எரேஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. மறைந்திருக்கும் அறைகளையும் சேர்த்துத் துடைக்கச் சொல்லும் கட்டளை அது. பல டிரைவுகளில் சில நொடிகளிலேயே முடிந்துவிடும். கைமாற்றுவதற்கு முன் அதை ஓட்டிவிட்டுக் கொடுங்கள்.